ஐந்து பேர் சொன்னது

ஜூன் 8, திங்கள்
புழுக்கம். கடல் காற்று மதியம் வரை இல்லை. குடைக் கம்பி மாற்ற வேண்டும். மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய தர்க்கப் புத்தகம், நாற்பது பக்கம் ஆயிற்று. எவன் எதைச் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது: உனக்கு எப்படித் தெரியும்? மரகதத்திடம் கேட்டுப் பார்த்தேன். "கொழம்புல உப்பு பத்தலன்னீங்களே, அதுக்கு சாட்சி இருக்கா?" என்றாள். வீட்டில் புத்தகம் செல்லாது.

ஜூன் 9, செவ்.
துறைமுகத்தில் கலாட்டா. கிரேன் ஓட்டும் ஏழுமலை தூக்கிய மூட்டைக்கட்டு ஆடிப்போய் ஷெட் சுவரில் மோதியது. ஆள் சேதம் இல்லை. குடித்துவிட்டு ஏறினான் என்று பேச்சு. மதுவிலக்குக் காலம். ருசுவானால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. நாலு பெண்கள் அவனுக்கு.
வாக்குமூலம் எழுதுவது குமாஸ்தாவான என் தலையில். ஐந்து பேர், ஐந்தும் ஒரே மாதிரி: "காத்தாலயே தண்ணி போட்டுகினு வந்தான் சார்." கைநாட்டு வாங்கி போர்மனிடம் கொடுத்தாயிற்று. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எனக்கே பெருமை.

ஜூன் 10, புதன்
மனசு ஒரு நிலையில் இல்லை. எப்படித் தெரியும் என்று ஒருவரையும் நான் கேட்கவில்லை. மத்தியானம் போய்க் கேட்டேன்.
நாகூரான்: "நான் எங்க சார் பாத்தேன், முனுசாமி சொன்னான்."
முனுசாமிக்குச் சொன்னது கபாலி. மற்ற இருவருக்கும் கபாலிதான்.
கபாலி சிரித்தான். "இன்னா சார் வெளாடுறீங்கோ? நேத்து காத்தால டீக்கடைல நீங்கதான சொன்னீங்கோ, ஏழுமலை கண்ணு செவந்து கீது, இப்பவே ஆரம்பிச்சுட்டான் போலன்னு."
சொன்னேன். சிரிப்புக்காகச் சொன்னேன். பாவி.
சாயங்காலம் ஏழுமலை வீடு. வேலைக்கு வராதே என்று நிறுத்தியிருக்கிறார்கள். கடைசிப் பெண்ணுக்கு மூன்று நாளாக ஜுரம், இவன் ராத்திரியெல்லாம் கண்ணை மூடவே இல்லையாம். பொய்யோ என்று ஒரு நிமிஷம் ஓடியது. குழந்தை நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. அதனால் அவன் குடிக்கவில்லை என்று ஆகிவிடாது. குடித்தான் என்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.
"நீங்க படிச்சவரு, நல்லதா நாலு வார்த்த எழுதுங்க சார்" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கம்.

ஜூன் 11, வியாழன்
முதல் வேலையாகப் போர்மன் அறை. நின்றபடியே கொட்டிவிட்டேன்: ஐந்து பேரும் பார்க்கவில்லை, ஐந்தும் ஒரே வாயிலிருந்து வந்தது, அந்த வாய் என்னுடையது, எனக்கு ஒன்றும் தெரியாது.
அவர் தாள்களைப் புரட்டினார். திரும்ப ஒருமுறை புரட்டினார்.
"அஞ்சு பேரு ஒரே மாதிரி சொல்றான். நீர் ஒருத்தர் வந்து இல்லேங்கறீர். நான் எதைய்யா எடுத்துக்கறது?"