வளைகுழாயில் நின்ற தண்ணீர்

நாள் 212, காலை
செவ்வாய்த் தளம், வடக்குப் பிரிவு. எழுதுவது வடிவு, குழாய்ப் பராமரிப்புப் பொறியாளர். மற்றவர்கள் கப்பலில் கிளம்பிவிட்டார்கள். அடுத்த கப்பல் வரும்வரை இங்கே இருப்பது நானும் தளபதி ஞானதுரையும்தான். காற்றழுத்தம் சரி. தரைக்கடியிலுள்ள கழிவுத்தொட்டி சரி. நீர்ச் சுத்திகரிப்பான் பாதி வேகத்தில் ஓடுகிறது.

நாள் 214, மதியம்
தண்ணீரை மிச்சப்படுத்த, சமையலறை தவிர மற்ற எல்லா அறைகளின் குழாய்களையும், தன் கட்டுப்பாட்டு அறைக் குழாயையும்கூட, தளபதி மூடிவிட்டார். ஆட்சேபித்தேன். ஒவ்வொரு வாஷ்பேசினுக்கும் கீழே குழாய் வளைந்து இறங்கி மறுபடி ஏறுகிறது. அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கும். தொட்டியின் வாயு மேலே வராமல் தடுப்பது அது ஒன்றுதான். இந்த வறண்ட காற்றில் சீக்கிரம் வற்றிவிடும்.

இன்டர்காமில் பதில்: "குடிக்கவே தண்ணி இல்ல, நீ சாக்கடைக்கு ஊத்தச் சொல்லுதியா?"

நாள் 223, மதியம்
நடைபாதையில் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு, கழிவுத்தொட்டியின் நச்சு வாயு. என் குடிநீர்ப் பங்கை இரண்டு குளியலறைப் பேசின்களில் ஊற்றினேன். நாற்றம் குறைந்தது. கேமராவில் பார்த்துவிட்டு அவர் சமையலறையைப் பூட்டிவிட்டார்.

"தண்ணி திருடுத ஆளுக்கு அங்க என்ன வேல? ஒன் ரூமுக்குள்ள கெட."

தளத்திலுள்ள வாயு முகமூடிகள் இரண்டும் அவரிடம், கட்டுப்பாட்டு அறையில்.

நாள் 226, காலை
நாற்றம் திரும்பிவிட்டது. மீதி அறைகளுக்கு என்னிடம் தண்ணீர் இல்லை. கண் எரிகிறது. கடைசியாக இருந்ததை என் பேசினில் ஊற்றினேன். குடிக்க ஒன்றும் இல்லை. கதவிடுக்கில் துணியைத் திணித்து டேப் ஒட்டினேன்.

"சார், ஒங்க பேசின்லயும் ஒரு டம்ளர் ஊத்துங்க. அது போதும்."

"எனக்கு உத்தரவு போடாத."

இந்த மனிதரை வெறுக்கிறேன். அதையும் பதிவு செய்கிறேன்.

நாள் 227, காலை
இன்டர்காம்: "நாத்தமே இல்ல பாத்தியா? சும்மா பயங்காட்டிக்கிட்டுக் கெடந்த."

நாற்றம் போகவில்லை. வாயு மிகுந்தால் முதலில் மூக்கு செத்துப்போகும். என் திரையில் அவர் அறையின் வாயு அளவு சிவப்பில் இருக்கிறது.

"சார், முகமூடிய மாட்டுங்க! இப்பவே!"

"ஒன் நாடகத்த வேற எவன்கிட்டயாவது..."

இருமல். நாற்காலி சாயும் சத்தம்.

நாள் 227, சற்றுப் பின்
என் கதவைத் தட்டுகிறார். சத்தம் கீழே, தரையை ஒட்டி வருகிறது.

"வடிவு... தெறம்மா..."

"மாஸ்க் போட்டிருக்கீங்களா சார்? எனக்குக் கொண்டு வந்தீங்களா?"

தட்டல் மட்டும். திறந்தால் நடைபாதை வாயு முழுவதும் உள்ளே வரும். டேப்பின் ஒரு முனையைப் பிரித்தேன். மறுபடி ஒட்டினேன்.

நாள் 227
தட்டல் இல்லை.

இதைக் கண்டெடுப்பவர்களே, முகமூடியோடு உள்ளே வாருங்கள். முதலில் எல்லாப் பேசினிலும் தண்ணீர் ஊற்றுங்கள். கதவுக்கு வெளியே கிடப்பவர் பெயர் ஞானதுரை. வெகுநேரம் தட்டினார்.

நான் திறக்கவில்லை.