சிவப்புத் தெரு

அனகாபுத்தூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணிக்கு மட்டும் முட்டிவலி.

அடையாற்று வெள்ளத்தைக் கணினியில் கணித்து உங்கள் ஆய்வகம் போட்டிருக்கும் வரைபடத்தில் நம் தெரு சிவப்பாம், அதாவது மூழ்குமாம். நம் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த எப்சி டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சேலையூருக்குப் போய்விட்டார். வீடு பார்க்க வருகிறவர்களும் செல்போனில் அதைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். புனேயில் உட்கார்ந்துகொண்டு பிறந்த வீட்டுக்கே சிவப்பு அடிக்க உனக்கு எப்படி மனம் வந்தது? மஞ்சளாக்கித் தொலையேன்.

சுகுமார்


புனே
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

முட்டிவலி என்று எழுதுவதோடு சரியா, டாக்டரிடம் கூட்டிப் போனாயா?

நிறத்தை நான் பூசவில்லை. மழையளவு, தரைமட்டம், கால்வாய் அகலம் எல்லாம் கொடுத்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று கணினியில் உள்ள மாடல் கணக்குப் போட்டுச் சொல்லும். அது என் அண்ணன் வீடு என்று அதற்குத் தெரியாது. ஒரு மாத மழை இப்போது ஒரே நாளில் கொட்டுகிறது. உங்கள் தெருமுனைக் கால்வாய் பாதி அடைத்திருக்கிறது என்பது எங்களிடம் உள்ள பழைய கணக்கு. தப்பென்றால் அளந்து அனுப்பு, மாற்றுகிறேன். திட்டினால் மாற்ற மாட்டேன்.

சத்யபிரியா


அனகாபுத்தூர்
26 அக்டோபர் 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

அளந்தேன். பாதியில்லை, முக்கால் அடைப்பு. எல்லாம் நம் தெருக்காரர்களே வீட்டை இடித்துக் கொட்டிய கல். மனு மேல் மனு போட்டுத் தோண்ட வைத்தேன். போன வாரம் பேய்மழை. தண்ணீர் வாசல்படி வரை வந்து வடிந்துவிட்டது.

எதிர்வீட்டு ஏகநாதன் கேட்கிறான்: "இன்னா மச்சான், உன் தங்கச்சி மேப்பு புஸ்ஸுன்னு பூட்ச்சே. வூட்டுக்குள்ள தண்ணியே வர்லியே." தோண்டியதால்தான் வரவில்லை என்றால் சிரிக்கிறான். உனக்காக நான் சண்டை போடும்படி ஆகிவிட்டது. தோண்டிய பிறகு எடுத்த அளவுகளை அனுப்பியிருக்கிறேன்.

சுகுமார்


புனே
2 நவம்பர் 2025

அண்ணா,

புது அளவைப் போட்டுப் பார்த்தேன். நம் தெரு மஞ்சள். ஆனால் அங்கே வேகமாக வடிகிற தண்ணீர் கீழத்தெருவில் போய்த் தேங்குகிறது. அது இப்போது சிவப்பு. புது வரைபடம் வெளிவர நாளாகும், மழை காத்திருக்காது. நீ போய்ச் சொல்.

சத்யா


அனகாபுத்தூர்
6 நவம்பர் 2025

சத்யா,

போனேன். அங்கே இட்லிக்கடை வைத்திருக்கும் கிளியம்மாள், "உங்க தண்ணிய எங்க பக்கம் தள்ளிவுட்டு, சொல்றதுக்கு வேற வந்துகீறியா?" என்றார். மாடல், மழையளவு என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். என் வாயில் அது இன்னும் மோசமாகக் கேட்டது. திட்டிக்கொண்டேதான் கால்வாயைக் காட்ட வந்தார். அங்கேயும் அடைப்பு.

பதினாறாம் தேதி ஞாயிறு இரண்டு தெருவும் சேர்ந்து கூட்டம். அவர்கள் கேட்கிற கேள்விக்கு நீதான் வந்து பதில் சொல்ல வேண்டும். திட்டு வாங்க நான் ஒருவன் போதாது. சனிக்கிழமைக்குள் வந்து சேர்.

அண்ணன்