நாலு மீட்டருக்கு மேல்

மார்ச் 11
காலை ஆறு மணி. பாலத்து அளவுகோலில் ஆற்றின் உயரம் 0.62 மீட்டர். தெளிந்த தண்ணீர்.

தங்கையும் மாப்பிள்ளையும் ஆற்றின் பழைய தடத்தில் மனை வாங்குகிறார்களாம். மலையிடுக்கில் இரண்டு ஊற்றாகப் பிறக்கும் இந்த ஆறு, பாலத்துக்குக் கீழே முன்பு நேராகத்தான் போனது. எப்போதோ இடப்பக்கம் ஒதுங்கியது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் வெள்ளத்தில் மூன்று நாள் பழைய வழிக்கே திரும்பி வந்தது. நான் பார்த்தேன்.

மார்ச் 14
அங்கே வீடு கட்ட அனுமதி கொடுத்தாயிற்று. அளவுகோலின் கணக்கில் மனை 4.50 உயரத்தில் இருக்கிறது. ஆறு 4.00-ஐத் தாண்டியதே இல்லை என்று பதிவேடு சொல்கிறதாம்.

கோலே நாலு மீட்டரோடு முடிகிறது. அது மூழ்கினால் நாலு என்று எழுதுவது வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். அந்த வெள்ளத்தில் கோல் கண்ணுக்கே தெரியவில்லை. மூன்று நாளும் 4.00. கீழே என் கையெழுத்து.

மார்ச் 15
தங்கையிடம் சொன்னேன்.
"நீ எழுதினதை நம்பித்தாண்ணே வாங்கறோம். இப்ப வந்து தப்புன்னா?"
மாப்பிள்ளை சிரித்தார். "மச்சானுக்கு ஆறுதான் சம்சாரம். பக்கத்துல யாரும் குடி வந்தா பொறுக்காது."

மார்ச் 22
எங்கள் ஆபீஸ் இன்ஜினீயரிடம் போனேன். "பதிவேட்டுல தப்பா எழுதினேன்னு கைப்பட எழுதிக் குடுங்க. அப்புறம் உங்க வேலை போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."
வீட்டில் உட்கார்ந்து இரண்டு வரி எழுதினேன்.

மார்ச் 23
கொடுக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் — அவ்வளவுதானே?

ஜூலை 2
குடி போய்விட்டார்கள். சுவருக்கு வெளிர்நீலம் அடித்திருக்கிறாள். "எப்படிண்ணே இருக்கு?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 9
மூன்றாம் நாளாக மழை. காலை ஆறுக்கு 2.90. ஏழுக்கு 3.55. தங்கைக்கு போன் போட்டேன். உடனே கிளம்பு, எதையும் எடுக்காதே என்றேன்.
"நாலரையில இருக்கோம்ணே. சும்மா பதறாத."
கத்தினேன். வைத்துவிட்டாள். எட்டுக்குக் கோல் மூழ்கியது. ஓடினேன். பழைய தடம் முழுக்க ஆறு. அந்தப் பக்கம் போக முடியலியே, என்ன செய்வேன்.

ஆகஸ்ட் 10
பதிவேட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 13
வடிந்துவிட்டது. மரத்தைப் பிடித்துக் கிடந்த மாப்பிள்ளையை மீட்டார்கள். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். தங்கையை நேற்று மணல்மேட்டில் கண்டெடுத்தார்கள்.

இன்று அவள் வீட்டுக்குள் போய் டேப் பிடித்தேன். தரையிலிருந்து சேற்றுக்கோடு வரை 1.65. நாலரையோடு அதைக் கூட்டி, பதிவேட்டில் 6.15 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.