இழுப்பறைச் சாவி

மார்ச் 3

என் குட்டிம்மாவுக்கு,

முழங்கை வீக்கம் வடிந்துவிட்டது. பதறி லீவு போடாதே, புது வேலை.

என் மருந்து இழுப்பறைச் சாவியை சிஸ்டர் வாங்கிக்கொண்டாள். பிரஷர் மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுத் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தேனாம். ஆயுசு முழுக்கத் தையல் கடையில் நூல் நிறம் பிரித்தவனுக்கு நாலு மாத்திரை பிரிக்கத் தெரியாதா? இப்போது அவளே கொண்டுவந்து, "ஆ காட்டுங்க தாத்தா" என்கிறாள். பக்கத்துக் கட்டில் தபால்காரர், "என்னய்யா, சோறும் ஊட்டிவிடுவாங்களா?" என்று சிரிக்கிறார்.

இந்த இல்லத்தில் சேரும்போது, அப்பா தானே மருந்து எடுத்துக்கொள்வார் என்று நீதானே கையெழுத்துப் போட்டாய்? அதையே மறுபடி எழுதி அனுப்பு. படித்த பெண் சொன்னால் கேட்பார்கள்.

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பா,

சிஸ்டரிடம் போனில் பேசினேன். என்ன கேட்பது என்று எழுதி வைத்துக்கொண்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. என்னைத்தான் தெரியுமே.

இந்த முறை வேறு கம்பெனி மாத்திரை வந்ததாம். வெள்ளை போய் ரோஸ். பழைய வெள்ளையும் மிச்சமிருக்க, வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டிருக்கிறீர்கள். பெயர் அட்டையில் இருந்தது, ஆங்கிலத்தில்.

வீட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் "படிச்சவ நீ, படி" என்று நீட்டுவீர்கள். பெருமைக்கு என்றே நினைத்திருந்தேன்.

கோபப்படாதீர்கள். நீங்கள் கேட்ட கடிதத்தை என்னால் எழுத முடியாது. மறுபடி விழுந்தால்?

தமிழில் சீட்டுகள் எழுதி அனுப்பியிருக்கிறேன். மாத்திரையின் பெயர், எதற்கு, எப்போது. சிஸ்டர் சரிபார்த்து அட்டைகளில் ஒட்டுவார். கொஞ்ச நாள் அவர் முன்னால் நீங்களே எடுத்துப் போடுங்கள். பிறகு சாவியைப் பற்றிப் பேசலாம் என்றார்.

உங்கள் குட்டிம்மா


ஏப்ரல் 17

குட்டிம்மா,

பதில் போடாததற்கு முதலில் கோபம் காரணம், அப்புறம் வெட்கம். சீட்டைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் மாத்திரை போடுகிறேன். தபால்காரர், "விலாசம் சரியா?" என்கிறார்.

நேற்று சர்க்கரை மாத்திரையில் புது அட்டை வந்தது. பழசின் அதே நிறம், அதே அளவு, என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் சீட்டு இல்லை. "இதுல எழுதி இல்லையே சிஸ்டர், நான் போட மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள். சரியான மாத்திரைதான். இருந்தாலும் சிரித்துக்கொண்டே சாவியை என் சட்டைப் பையில் போட்டாள்.

அந்த ஒரு சீட்டை எழுதி அனுப்பு. அதுவரை அதை மட்டும் அவளே தருவாள். தானே எழுதித் தருகிறேன் என்றுதான் சொன்னாள். "உங்க கையெழுத்து எனக்குப் புரியாது சிஸ்டர்" என்றுவிட்டேன்.

நன்றாகத்தான் எழுதுகிறாள்.

அப்பா