இடது பக்கத்து ஸ்பீக்கர்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மிக்ஸிக்குத்தான் சுகமில்லை, ரிப்பேருக்குப் போயிருக்கிறது. அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் நீ அனுப்பிய படத்தில் முகம் வாடித் தெரிந்தது. வெளிச்சம் சரியில்லை என்பாய். வெளிச்சத்துக்கும் கன்னத்து எலும்புக்கும் என்ன சம்பந்தம், வேளாவேளைக்குச் சாப்பிடு. போனில் பேசாமல் ஏன் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவார், எனக்குக் கதையே மறந்துபோகும். இப்போது அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவர் முதலில் என் சமையலறையைச் சீர்திருத்தினார் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவைத்து, எது எங்கே என்று தெரியாமல் நான் டீயில் உப்பைப் போட்டு அதை அவரே குடித்ததோடு அந்தச் சீர்திருத்தம் முடிந்தது. அப்புறம்தான் உன் அலமாரியில் நீ விட்டுவிட்டுப் போன கேம் பெட்டி அவர் கண்ணில் பட்டது. மேல்மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் அதை டிவியில் மாட்டிக் கொடுத்தார். டாக்டருக்கு மத்தியானத்தில் ஆள் வருவதில்லை, சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் கீழே வந்துவிடுவார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கார் ரேஸ் ஓட்டுவார்கள். டாக்டர் சாது, மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை அதிகம் திறப்பதில்லை. அப்பா அப்படியா, வண்டி வளைவில் திரும்பினால் இவரும் சோபாவோடு சேர்ந்து சாய்வார், பக்கத்து வண்டிக்காரனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று திட்டுவார். அவருக்கு இருந்த ஒரே குறை, இடது பக்கமாக வருகிறவர்கள் எல்லாம் சத்தம் காட்டாமல் வந்து இடிக்கிறார்கள் என்பது. வலது பக்கம் வருகிறவன் மரியாதையாக உறுமிக்கொண்டு வருகிறானாம், இடது பக்கத்துக்காரன் திருட்டுப்பயலாம். டிவியின் குரல்வளையில்தான் கோளாறு என்று ஒலியைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் எதிர்வீட்டு அம்மா வந்து வாசலில் நின்று, உள்ளே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு டாக்டர்தான் யோசனை சொன்னார். இந்தத் தட்டை டிவியில் ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துப் பேசுகிறது, கம்ப்யூட்டருக்குப் போடுகிற ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி இரண்டு பக்கமும் வைத்தால் எந்த வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும் என்றார்.

கடைக்கு மூன்று பேரும் போனோம், நான் எதற்கு என்றால் சண்டை வந்தால் விலக்கிவிட. டாக்டருக்கு இரண்டு சின்னப் பெட்டியோடு தரையில் வைக்கிற ஒரு குண்டுப் பெட்டியும் சேர்ந்த செட்தான் வேண்டும் என்று ஆசை. கடைக்காரர் அதைப் போட்டுக் காட்டினார், எனக்கு நெஞ்சுக்குள் யாரோ துணி துவைப்பது போல இருந்தது. அப்பா அதை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, பெட்டியின் வாயருகே தலையைச் சாய்த்துக் காதை வைத்து வைத்துக் கேட்டார். கடைக்காரர் பாட்டுப் போட்டால், பாட்டுக்கு எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் இருக்கும், யாராவது பேசுவதைப் போடுங்கள் என்றார். அந்த மனிதர் தன் போனில் தேடி ஏதோ வானிலை அறிக்கையைப் போட்டார். மழை வரும் என்று எந்தப் பெட்டி தெளிவாகச் சொல்லிற்றோ அதை அப்பா எடுத்துக்கொண்டார். எனக்கு அவர் வாங்கிய ஜோடியில் ஒரே ஒரு சந்தோஷம், உயரம் குறைவு, துடைக்க சுலபம். டாக்டர் மட்டும் வீடு வரும்வரை குண்டுப் பெட்டியை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தால் புதுத் தலைவலி. ஸ்பீக்கர் வயரின் நுனியில் பச்சை நிறத்தில் ஓர் ஊசி இருக்கிறது, உன் கேம் பெட்டியை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதைச் செருக ஓட்டை இல்லை. அப்பா பெட்டியைக் குப்புறப் போட்டு, நிமிர்த்தி, காற்றுப் போகிற இடுக்கில் எல்லாம் ஊசியை வைத்துப் பார்த்தார், நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். கடைசியில் கையில் பிடித்து ஆடுகிற ரிமோட்டின் அடியில் அதே அளவில் ஓட்டை கண்டுபிடித்தார், மின்சாரத்துக்கான இன்னொரு வயரைக் கேம் பெட்டியிலேயே மாட்டி, ஊசியை ரிமோட்டில் செருகினதும் ஜம்மென்று சத்தம் வந்தது. ஒரு சுற்றுகூட முடியவில்லை, ஒரு வளைவில் அப்பா வழக்கம்போல வலது பக்கம் சாய, வயர் இழுத்து, இரண்டு ஸ்பீக்கரும் மேஜையிலிருந்து கிளம்பி அவர் மடிக்கே வந்துவிட்டன. அப்புறம் டாக்டர், டிவியின் பின்னால் ஹெட்போன் மாட்டுகிற ஓட்டை இருக்க வேண்டும், கேம் பெட்டியின் சத்தம் டிவிக்கு வந்துதானே ஆக வேண்டும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். டிவி சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கிறதே, தலை நுழையாது. டாக்டர் மாடிக்கு ஓடிப்போய்ப் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து வந்தார். டிவியின் முதுகுக்குள் கண்ணாடியை விட்டு, கொஞ்சம் இந்தப் பக்கம், ஆ, அப்படியே இருங்க என்று டிவியிடம் பேசினார் பார், நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. ஊசி உள்ளே போனது, டிவி மெனுவில் எதையோ மாற்றினார்கள், வண்டிகள் உறுமின. அப்பா முகத்தில் அச்சகத்தில் புது மிஷின் வந்த நாளில் இருந்த சிரிப்பு.

அந்தச் சிரிப்பு மறுநாள் வரைக்கும்தான். வலது ஸ்பீக்கர் மணியாகப் பேசுகிறது, இடது ஸ்பீக்கர் மூட்டைக்குள்ளிருந்து பேசுகிறது என்றார். டாக்டர் தனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்றார். அதற்கு அப்பா, தினமும் அந்தப் பல் துளைக்கிற மிஷினைக் காதுக்குப் பக்கத்தில் ஓட்டுகிறீர்களே, உங்கள் காது எப்படி இருக்கும், ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள் என்று அக்கறையாகச் சொன்னார். பாவம் அந்த மனிதர், அன்று முழுக்கக் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னைக் கேட்டார்கள், சமையலறையிலிருந்து எனக்கு இரண்டும் ஒரே இரைச்சல் என்றேன். பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போனால் அங்கே இரண்டும் நன்றாகப் பாடுகிறது, அப்பா மறுபடி தலையைச் சாய்த்துக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சரிதான் என்று திரும்பி வந்தார். வீட்டில் வைத்தால் மறுபடி மூட்டை. கடைக்காரர் வேறு ஜோடியே மாற்றிக் கொடுத்தார், அதிலும் இடதுதான் மூட்டை. பெட்டிகளை இடம் மாற்றி வைத்தார், நேற்றுவரை கெட்டுப்போயிருந்தது வலது பக்கம் வந்ததும் பிழைத்துக்கொண்டது, நன்றாக இருந்தது இடது பக்கம் போனதும் படுத்துவிட்டது. இதற்கு அப்பா கண்டுபிடித்த காரணம், அந்தப் பக்கத்துச் சுவர் சத்தத்தைக் குடிக்கிறது. குடிக்கிற சுவரைத் திருத்த என் திரைச்சீலையைக் கழற்றினார், புத்தக அலமாரியை நகர்த்தினார், அலமாரிக்குப் பின்னால் இத்தனை வருஷத்துத் தூசியைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சுவர் திருந்தவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், டாக்டர் இல்லை, அப்பா தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் டீயைக் கொண்டுபோய் அவர் முதுகுப் பக்கம் நின்று, வேணுமா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தார், பாதித் திரும்பலில் அப்படியே நின்றுவிட்டார். முகத்தை டிவி பக்கம் கொண்டுபோனார், மறுபடி என் பக்கம் திருப்பினார், மறுபடி டிவி, மறுபடி நான். வேண்டாம் என்று தலையாட்டுகிறார் என்று நினைத்து டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்க்கிறேன், அப்பா டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், வண்டி ஆளில்லாமல் போய் மரத்தில் முட்டி நிற்கிறது. இப்போது வலது காதுப் பக்கம் இருந்தது அந்த மூட்டை ஸ்பீக்கர், அது அவருக்கு மணியாகக் கேட்டிருக்கிறது. என்னைப் பார்க்காமலே சொன்னார், "பெட்டி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. என் காதுதான் போயிருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கடையில் அவர் சாய்த்துச் சாய்த்து வைத்துக் கேட்டதெல்லாம் வலது காதாகவே இருந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். தெரியவில்லை, கொஞ்ச காலமாகவே எல்லாரும் வாய்க்குள் பேசுகிற மாதிரி இருந்தது, எல்லாரும் மாறிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன் என்றார். பிறகுதான் உன் பேச்சை எடுத்தார். நீ போன் பண்ணும்போது எல்லாம் ம், சரி, இரு அம்மாகிட்ட குடுக்கறேன் என்று ஓடிவிடுவாரே, அவர் போனை எப்போதும் இடது காதில்தான் வைத்துக்கொள்வார், நான் அதைக் கவனித்ததே இல்லை. நீ ஒருமுறை என்னிடம் கேட்டாய், நான் இவ்வளவு தூரத்து வேலைக்கு வந்தது அப்பாவுக்கு இன்னும் கோபமாம்மா என்று. இல்லை என்று நான் உறுதியாகத் தெரியாமலேதான் சொன்னேன். அதை அன்று அவரிடம் சொன்னேன். ரிமோட்டைக் கீழே வைத்தவர், "அவ பேசறது பாதி விழல. என்ன என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, அப்பாவுக்கு வயசாயிடுச்சுன்னு அங்க உக்காந்து கவலைப்படுவா. கோவம்னு நெனச்சாளா?" என்றார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பாய். எனக்குச் சமையலறையில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போனேன், வேலை ஒன்றும் இல்லை.

காது டாக்டரிடம் நாங்கள் இருவரும் போனோம். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கீச்சென்று சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அப்பா ரேஸ் ஓட்டிய பழக்கத்தில் சத்தம் வருவதற்கு முன்னாலேயே அமுக்கத் தொடங்கிவிட்டார், இதில் முதலாவதாக வர வேண்டிய அவசியம் இல்லை என்று சோதனை செய்த அம்மா பொறுமையாகச் சொல்லித் திரும்ப முதலிலிருந்து வைத்தார். அச்சு மிஷின் இத்தனை காலமும் அவருடைய இடது பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அந்தக் காது தேய்ந்திருக்கிறதாம், போனது திரும்பி வராது, ஆனால் காதில் மிஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார் காது டாக்டர். ஆகவே நீயும் பயப்படாதே, அவரிடம் அழாதே. மிஷினைக் காதில் பொருத்தினதும் அப்பா முதலில் கேட்டது, யாராவது பேசுங்கள் என்றுதான். வானிலை அறிக்கை இல்லை, நான்தான் பேசினேன். வீட்டுக்குப் போகும்போது தக்காளி வாங்க வேண்டும் என்றேன். தெளிவாகக் கேட்கிறது என்றார்.

இப்போது கஷ்டம் எனக்கு. ஃபிரிட்ஜ் முனகுகிறது என்கிறார், நான் செருப்பைத் தேய்த்து நடக்கிறேன் என்கிறார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எனக்கு நானே சொல்லிக்கொள்வது எல்லாம் கூடம்வரை போகிறது, நேற்று அங்கிருந்தே பதில் வந்தது. ரேஸில் இடது பக்கத்துத் திருட்டுப்பயல்கள் வருவதற்கு முன்னாலேயே ஒதுங்கிவிடுகிறார், டாக்டர் தோற்றுத் தோற்று, காதில் மிஷின் வைத்து ஓட்டுவது ஆட்ட விதிக்குள் வருமா என்று சந்தேகம் கேட்கிறார். அவரும் தன் காதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டார், ஒரு குறையும் இல்லை. அப்பா போய் மன்னிப்புக் கேட்டார், பிராயச்சித்தமாக அந்தக் குண்டுப் பெட்டியை வாங்கலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். வந்தால் வீட்டில் அது இருக்கட்டும், நான் உன்னிடம் வந்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொள், காதின் அருமை இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நீ நினைத்தது எல்லாம் கூடி, நோய்நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில் நன்றாக இரு என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, அப்பாதான் எடுப்பார். ஒன்று சொல்கிறேன், உனக்குள் வைத்துக்கொள். இடது ஸ்பீக்கரைச் சரிசெய்கிறேன் என்று கேம் பெட்டியின் மெனுவுக்குள் புகுந்து எதை எதையோ அமுக்கியதில், நீ பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடிச் சேர்த்து வைத்திருந்த ஆட்டங்கள் எல்லாம் அழிந்துபோய்விட்டன. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார், எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. எல்லாவற்றையும் ஆதியோடு அந்தமாக உனக்கு விளக்கப் போகிறார், அவ்வளவு நேரம் அவர் உன்னோடு பேசி எத்தனையோ நாளாகிறது. நீ ஒன்றும் தெரியாதவளாகக் கேட்டுக்கொள், கொஞ்சம் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஆனால் அம்மாவிடம் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

வாசல் கதவுச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா