நுகேகொடையில் நான் விழுங்கிய வசனம்

கீழ் வீட்டில் யாரோ நல்லெண்ணெய் காய்ச்சுகிறார்கள். மணம் படிக்கட்டு வழியாக ஏறி என் குசினிக்குள் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். கை தன்பாட்டில் தொலைபேசியை எடுத்து, உனக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்து எழுப்புவதற்காக உன் இலக்கத்தில் போய் நின்றது. நீ போய் நாலு மாதம். இந்த விசர்க் கைக்கு அது இன்னும் விளங்கவில்லை.

எழுப்பும் வழக்கத்தை நான்தான் தொடங்கினேன். அதற்கு முன் உன் வீட்டு ஹோலில் இரண்டு மணிக்கூடுகள் தொங்கின. ஒன்று கொழும்பு நேரம், மற்றது கனடா நேரம். உன் மனுசன் செத்த பிறகு நீ இரண்டாவதைப் பார்த்துத்தான் வாழ்ந்தாய். மகளுக்கு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை வரும்போது உனக்கு இரவு பத்து மணி. அவளோடு கதைத்தால்தான் சோறு இறங்கும் என்பாய். அவள் வேலையால் வரும் நேரத்துக்கு விடியப்புறம் மறுபடி எழும்புவாய், பிறகு பத்து மணிவரை படுக்கை. மத்தியானம் பசி இல்லை, பின்னேரம் தலையிடி, வயிறு எப்போதும் ஊதிக்கொண்டு கிடக்கும். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ரொறன்ரோவில் சீவிக்கிறாயே என்று பேசினேன். "பிள்ளை முழிச்சிருக்கேக்க நான் என்னெண்டடி படுக்கிறது?" என்று சிரித்தாய்.

எனக்கு மற்றவர்களைச் சும்மா விடத் தெரியாது. நுகேகொடையில் நல்ல ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை உன்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பம்பலப்பிட்டியில் இருபத்தைந்து வருடம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த உனக்கு, மீன்காரனோடு பேரம் பேசுமளவுக்குத்தான் சிங்களம் வரும். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. பொலிஸ் பதிவிலிருந்து மின்சாரக் கந்தோர்வரை உன் வாய் நான்தான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வெதமாத்தயா என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த வைத்தியர் உன் நாடியை வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். எப்போது சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய் என்று என்னைக்கொண்டு கேட்டார். பிறகு உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். இந்த அம்மாவின் நாடி எனக்குப் பிடிக்கவில்லை, நாளைக்கே இருதய வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், எண்ணெயும் நேர ஒழுங்கும் அதற்குப் பிறகுதான் என்றார். அதன் பிறகுதான் மற்றதை எல்லாம் விளக்கினார். சூரியனுக்கு முன் எழும்ப வேண்டும், எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்க வேண்டும், வயிற்று நெருப்பு நன்றாக எரியும் மத்தியானத்தில்தான் பெரிய சாப்பாடு, பொழுதுபடமுன் ஏதாவது லேசாக, பத்து மணிக்கு முன் படுக்கை.

"என்னடி சொல்றார்?" என்று நீ கேட்டாய்.

உன் முகத்தைப் பார்த்தேன். சின்னச் சோதனை ஒன்று என்று ஆஸ்பத்திரிக்கு நடந்துபோன உன் மனுசன் திரும்பி நடந்து வரவில்லை. அதற்குப் பிறகு பஸ் அந்தப் பக்கமாகப் போனாலும் நீ மற்றப் பக்கம் திரும்பிவிடுவாய். இருதயம் என்று நான் வாயெடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு எழும்பிப் போயிருப்பாய். அதோடு, உண்மையைச் சொன்னால், நான் ஏற்றிக்கொண்டு வந்த காரியம் அன்றைக்கே தொடங்க வேண்டும் என்ற அவசரமும் எனக்கு இருந்தது.

"உடம்பு நேரம் தவறிப் போச்சாம். நேரத்துக்கு எழும்பி நேரத்துக்குச் சாப்பிட்டா எல்லாம் சரிவருமாம்" என்றேன். கொஞ்சம் தேறினதும் மற்றதைச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீயோ தேறித்தான் விட்டாய். அதுதான் என்னைக் கெடுத்தது. இரண்டு கிழமையில் தலையிடி நின்றது. மத்தியானம் பன்னிரண்டானதும் பசிக்கிறதென்று குழந்தை மாதிரி அந்தரப்பட்டாய். காலை ஐந்தரைக்கு, மகள் அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும் நேரம், கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அவளோடு கதைக்கப் பழகினாய். கனடா மணிக்கூட்டை நீயாகவே கழற்றி அலுமாரிக்குள் வைத்தாய். ஆறு மணிக்கு இரண்டு பேரும் கடற்கரை வீதியில் நடந்தோம். நீ சிரித்துச் சிரித்துக் கதைத்தாய். இந்த நேரத்தில் போய் ஏன் ஆஸ்பத்திரிக் கதை என்று தள்ளிப் போட்டேன். மாதத்துக்கு ஒருமுறை மருந்தெடுக்க நான் மட்டும் போவேன். காட்டினீர்களா என்று அவர் கேட்டார். காட்டினோம், பயமில்லையாம் என்று சிங்களத்தில் சுத்தமாகப் பொய் சொன்னேன். ஒருநாள் பிடிபட்டிருந்தாலாவது நீ இருந்திருப்பாய்.

எட்டாவது மாதம். ரயில் பாதைப் பக்கம் இருக்கிற அந்தக் குட்டை மதிலில் நீ இருந்துவிட்டாய். நடந்து பாதித் தூரம்கூட வரவில்லை.

"எடி, நெஞ்சு பாரமாக் கிடக்கு" என்றாய்.

காலை ஆறிலிருந்து பத்துவரை கப நேரம், அந்த நேரத்தில் உடம்பு மந்தமாக இருக்கும் என்று அவர் நித்திரைச் சோம்பலைப் பற்றித்தான் சொல்லியிருந்தார். நான் அதைப் பிடித்து உன் நெஞ்சுக்குப் போட்டேன். கப நேரம்தானே, பாரமாகத்தான் இருக்கும், நடந்தால் இறங்கிவிடும் என்றேன். அதற்கு முந்தின ஒரு கிழமையும் நீ சொன்ன போதெல்லாம் அதைத்தான் சொன்னேன். நீயும் ஓம் என்று எழும்பி நடந்தாய். என்னை நம்பி நடந்தாய். அன்றைக்கு எட்டரைக்கு உன் பக்கத்து வீட்டுக்காரி போன் எடுத்து, நீ போய்விட்டாய் என்றாள்.

செத்த வீட்டில் ஆயுர்வேதம்தான் கொன்றது என்று இரண்டொருவர் கதைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைத்தியத்தில் ஒரு பிழையும் இல்லை, அந்த மனுசன் முதல் வார்த்தையே சரியாகச் சொன்னவர் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அந்த முதல் வார்த்தை என்ன என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டு பிளேன்ரீ ஊற்றினேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா கடைசி எட்டு மாதமும் சந்தோசமாக இருந்ததற்கு நான்தான் காரணம் என்று அழுதாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. அம்மா செய்தது எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பட்டாம், தானும் அப்படியே இருக்கப் போகிறாளாம். கடைசியில் சொன்னாள்: "எனக்கும் அன்ரி, காலமையில நெஞ்சு பாரமாத்தான் கிடக்கு. அது கப நேரமெண்டு அம்மா முந்திச் சொன்னவ."

கதிரையில் இருந்துவிட்டேன். நான் உனக்குச் சொன்னதை நீ அவளுக்கும் சொல்லியிருக்கிறாய். நல்லது என்று நம்பினதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் எந்தத் தாய் விடுவாள்?

உடனே எடுத்தேன். எழும்புகிறதும் குளிக்கிறதும் பிறகு, முதலில் டொக்டரிடம் போய் இருதயத்தைக் காட்டு, நாளைக்கே காட்டு என்றேன்.

"அம்மாவுக்கும் அந்த வைத்தியர் அப்பிடிச் சொன்னவரோ?" என்று கேட்டாள்.

பெடிச்சி உன் பிள்ளை அல்லவா, கணக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குச் சிங்களமும் தெரியாது, அந்த வைத்தியரையும் தெரியாது. ஆனால் இல்லை என்றால், அம்மாவுக்குத் தேவைப்படாதது தனக்கு எதற்கு என்று அவளும் தள்ளிப் போடுவாள்.

"ஓம் பிள்ளை, சொன்னவர். நான்தான் அம்மாவுக்குச் சொல்லேல்லை" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் ஒன்றுமில்லை. எனக்கு மத்தியானம் பன்னிரண்டுக்கும் பசிக்கவில்லை, பத்து மணிக்கும் நித்திரை வரவில்லை. நேற்று ஒரு வரி வந்தது. வியாழக்கிழமை டொக்டரிடம் போகிறாளாம். அவ்வளவுதான். அன்ரி என்ற சொல் அதில் இல்லை. அதை நான் பத்துத் தரமாவது தேடியிருப்பேன். இல்லாவிட்டால் என்ன, போகிறாளே. அவள் இனி என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, போய்க் காட்டட்டும்.

உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். கேட்டால் நீ உடனே தந்துவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும்.