ஷிப்டுக்குப் போன ஆமை

மேடம்,

இன்று காலை கரையில் ஒரு படகின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ரெசின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. அந்த ஆமையின் முதுகைச் சுரண்டச் சுரண்ட இதே வாசனைதான் வந்தது. நான் கைநாட்டு, உங்களுக்குத் தெரியுமே. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுவில் திருத்தாதே என்று முதலிலேயே சொல்லி வைத்துவிட்டேன்.

அது மாசி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள். வலையை இழுத்தால் பெரிய ஆமை. முதுகில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதில் நீட்டிக்கொண்டு ஒரு கம்பி. எங்கள் ஊரில் வலையில் ஆமை மாட்டினால் சாமி வந்த மாதிரி. கரைக்குக் கொண்டுவந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் திரும்பக் கடலில் விடுவோம். அந்தச் சாமி முதுகில் எவனோ ஒரு பாவி பாரத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஓட்டில் ஒரு கீறல் விழாமல் ஒரு மணி நேரம் கத்தியால் சுரண்டிப் பெட்டியை எடுத்தேன். "போ தாயே, இனிமே லேசா நீஞ்சு" என்று கும்பிட்டு விட்டேன்.

அது ஆமை போகிற வழியைக் காட்ட நீங்கள் ஒட்டிவிட்ட பெட்டி என்றும், நீங்கள் வருஷம் பூராவும் பார்க்க வேண்டிய வழியை ஒரே காலையில் அறுத்துவிட்டேன் என்றும் எனக்கு எப்படித் தெரியும்?

பெட்டிக்குள் இன்னா இருக்குது என்று கேட்டு வர, என் மகன் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லுக்குக் கொண்டுபோனான். விஷயம் தெரிந்த பிட்டர் அன்று லீவு. மறுநாளும் கொண்டுபோனான், அதற்கு மறுநாளும். உங்கள் கம்ப்யூட்டரிலோ ஆமை காலையில் கரையேறி, பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் ஒரு ஷிப்டு முடித்து, சாயங்காலம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நீங்கள் மில் கேட்டில் போய் நின்றீர்கள். வாட்ச்மேன் பேசியதைப் பின்னால் எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பீர்கள்! "ஆமையா? இன்னா மேடம், காலங்காத்தால பேஜாரு பண்றீங்க? டோக்கன் இல்லாம இங்க ஈ கூட உள்ள போவாது."

சாயங்காலம் மகனோடு எங்கள் ஊட்டுக்கு வந்தீர்கள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"பெட்டி மேலேயே இங்கிலீஷ்ல எழுதியிருக்கே. எடுக்காதீங்க, போன் பண்ணுங்கன்னு."

"எனக்குப் படிக்கத் தெரியாது மேடம். ஆமைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுவே சொல்லியிருக்கும்."

"ஒரு வருஷ வேலை போச்சு!"

"ஒரு வருஷம் முதுகுல கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கினு நீ நட, பாக்கலாம்."

"நைனா, சும்மா இரு நைனா" என்று மகன் என் கையைப் பிடித்தான்.

"அது பாரமே இல்ல நைனா" என்றீர்கள் நீங்களும், அவன் கூப்பிட்டதைப் பிடித்துக்கொண்டு. "உங்க சட்டைப்பையில பீடிக்கட்டு இருக்கே, அவ்வளவுதான் அதுக்கு. அது எந்த வழியா போகுது, எங்க சாகுதுன்னு தெரிஞ்சாதானே அங்க இழுவலை போடாதேன்னு நான் சண்டை போட முடியும்?"

"எங்க சாவுதுன்னா என்னைக் கேளு."

ரோஷத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சுனாமிக்கு முந்தின தை, அமாவாசை கழித்து மூன்றாம் நாள், முகத்துவாரத்துக்கு வடக்கே ஒன்று, கழுத்தில் வலை இறுகிச் செத்தது. அதே வருஷம் மாசியில் இரண்டு, ஒன்றுக்கு வலது துடுப்பு இல்லை. பங்குனியில் சவுக்குத் தோப்புக்கு எதிரே ஒன்று முட்டையிட்டுவிட்டு உயிரோடு போனது. நீங்கள் நோட்டை எடுத்தீர்கள். அடுத்த வாரம் வந்து அதையே கேட்டீர்கள். அடுத்த மாதமும் அதையே. "இது இன்னா மேடம், போலீஸ் ஸ்டேஷனா?" என்று எரிந்து விழுந்தேன். நீங்கள் நேரில் பார்த்துக் குறித்த நாட்களோடு என் பேச்சை வைத்துச் சரிபார்த்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒண்ணுகூட மாறல நைனா. என் நோட்டுலதான் ஒரு தேதி தப்பு."

அன்றைக்குத்தான் எங்கள் ஊட்டில் முதல் தடவையாகக் கை நனைத்தீர்கள்.

நீங்கள் நோயில் போய்ச் சேர்ந்த சேதி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அழவில்லை. கோபம்தான் வந்தது. நோட்டு யாரிடம் இருக்கிறது என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

போன வாரம் பொன்னேரியில் கூட்டம். எங்கள் கரையில் கப்பல் வந்து நிற்க மேடை கட்டப் போகிறார்களாம். அறிக்கை வாசித்தார்கள். இந்தக் கரைக்கு ஆமை வருவதில்லை என்று அதில் ஒரு வரி. நான் எழுந்தேன்.

"எழுத்துல ஏதாச்சும் ஆதாரம் இருக்கா பெரியவரே?"

"எழுதினவங்க இல்ல சார். சொன்னவன் இருக்கேன்."

"அப்போ உட்காருங்க."

உட்காரவில்லை. சுனாமிக்கு முந்தின தையிலிருந்து ஆரம்பித்தேன். மைக்கை அணைத்தார்கள். அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டைக்கு மைக் எதுக்கு? "போதும்" என்றார் அதிகாரி. "நாலு வருஷம்தான் ஆச்சு சார், இன்னும் கீது" என்றேன். பின்வரிசையில் மீன் விற்கிற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். "சொல்லு மாமா! அந்தப் பங்குனி ஆமைய நான்தானே மொதல்ல பாத்தேன், என் பேரையும் சொல்லு!" கடைசியில் அதிகாரி கிளார்க்கிடம், "எழுதிக்கய்யா, இல்லன்னா யாரும் ஊட்டுக்குப் போவ முடியாது" என்றார்.

எழுதி முடித்து மைப்பெட்டியை நீட்டினார்கள். படித்துக் காட்டச் சொன்னேன். கிளார்க் படித்தார்.

"ஒண்ணு குறையுது."

"எது?"

"அம்மன் கோயிலுக்கு எதிரே, வயித்துல முட்டையோட செத்தது."

தாளை மேலும் கீழும் பார்த்தார். விட்டுத்தான் போயிருந்தது. ஓரத்தில் எழுதினார். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். அப்புறம்தான் விரலை மையில் வைத்தேன்.

ஆமை வருவதில்லை என்கிற அந்த ஒரு வரியை அவர்கள் இன்னும் அடிக்கவில்லை மேடம். உங்கள் நோட்டு எந்த அலமாரியில் கிடக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆமைகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. விடிந்ததும் முகத்துவாரம் வரை நடக்கிறேன். நேற்றும் கணக்கில் ஒன்று சேர்ந்தது, தலையில் அடிபட்டுச் செத்தது, சின்ன ஆமை. அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சுருக்கமாகப் பேச வேண்டும் என்று ஆள் விட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் ஆமையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.